பிணை கொடாத வழக்கறிஞர்

திருநெல்வேலி நகரையும் பாளையங்கோட்டையையும் தாமிரபரணி பிரிக்கிறது. 1843-ஆம் ஆண்டில் சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டுவித்த பாலம் அவ்விரண்டையும் இணைக்கிறது. பாலத்தின் ஒரு கரையில் கொக்கிரகுளம். மாவட்ட ஆட்சியர் அமர்ந்து ஆணையிட்ட இடம் அது. அதற்கப்பால் பாளையங்கோட்டைச் சிறை. மறு கரையில் வீரராகவபுரம்; அங்கிருந்து மேற்கே சென்றால் நெல்லையப்பர் கோயிலைச் சூழ்ந்த வீதிகள், கடைகள், பள்ளிகள். 1908-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இவ்விரு கரைகளுக்கும் இடையே நிகழ்ந்தவை தூத்துக்குடி வழக்கறிஞர் ஒருவரின் வாழ்வை இரண்டாகப் பிளந்தன. அவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. கப்பலோட்டிய தமிழர் என்றே நாடு அவரை அறிந்திருக்கிறது. ஆனால் கப்பல் ஓட்டியதற்காக அவரைக் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடம் இருக்கவில்லை. ஆட்சியர் கேட்ட ஒரு கையெழுத்தை அவர் இட மறுத்தபோதுதான் சிறைக்கதவு முதலில் திறந்தது.

ஒட்டப்பிடாரத்து இளமை

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாதர் வழக்கறிஞர். தாய் பரமாயி அம்மாள். ஊருக்கு அருகில்தான் பாஞ்சாலங்குறிச்சி. 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801-இல் கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டதும் அந்த வட்டாரத்தில் கதையாகவும் கூத்தாகவும் வாழ்ந்தன. கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது வழிவழியாக வந்த செய்தி. அரசு தன் வலிமையைக் காட்ட விரும்பினால் மண்ணின் மீதும் அதைக் காட்டும் என்பதை ஒட்டப்பிடாரத்துப் பிள்ளைகள் எழுத்தறியும் முன்பே அறிந்திருந்தனர்.

கட்டபொம்மன் காலத்துப் பீரங்கி மறைந்து, காவல் நிலையம் வந்த காலம் வ.உ.சி.யின் காலம். சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் அலுவலர்கள் குடிமக்களைச் சித்திரவதை செய்தனர் என்பதை அரசு அமைத்த ஆணையமே 1855-இல் உறுதிசெய்தது. அதன்பின் காவல்துறை திருத்தி அமைக்கப்பட்டது. எனினும் அயர்லாந்தில் அடங்காத குடிகளை அடக்க உருவாக்கப்பட்ட ஆயுதக் காவல்படையே இந்தியக் காவல்துறைக்கும் முன்மாதிரியாக அமைந்தது. சிற்றூர்க் குடியானவனுக்கு அரசு என்பது பெரும்பாலும் காவலரின் முகமாகவே தெரிந்தது.

1894-இல் வழக்கறிஞர் தேர்வில் தேறிய வ.உ.சி. ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். அவர் மிகுதியும் ஏற்றவை குற்றவியல் வழக்குகள். தந்தை வசதி படைத்தவர்களின் வழக்குகளை நடத்த, மகன் கட்டணம் தர இயலாதவர்களுக்காக வாதாடினார். காவலர் புனைந்த வழக்குகள் அவருடைய குறுக்கு விசாரணையில் நொறுங்கின. உள்ளூர்க் காவலரின் பகை வளர்ந்தது. மகனுக்குத் தீங்கு நேருமென்று அஞ்சிய தந்தை, 1900-ஆம் ஆண்டில் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். பகையிலிருந்து தப்புவிக்க அனுப்பிய ஊரே அதனினும் பெரிய பகையைத் தேடித் தந்தது.

கடலில் ஒரு போட்டி

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகளும் சரக்குகளும் ஏராளமாகச் சென்றுவந்த காலம் அது. அவ்வழியில் பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் நிறுவனம் தனியாட்சி செலுத்தியது. வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் நாடெங்கும் அயல்நாட்டுத் துணிகளை விலக்கச் செய்தபோது, வ.உ.சி. கடலைப் பார்த்தார். 1906 அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு பெற்றது. கட்டபொம்மன் மறைந்த அதே நாள். தற்செயல்தான், என்றாலும் நினைவில் நிற்கத்தக்கது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார்.

முதலில் வாடகைக் கப்பல்கள் ஓடின. வாடகைக்குத் தந்தவர் பின்வாங்கவே, வ.உ.சி. பம்பாய் சென்று சொந்தக் கப்பலுக்கு வழி தேடினார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907-இல் தூத்துக்குடிக்கு வந்தன. எதிர்நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிச் சங்கமும் குறைத்தது. பின்னர் அந்நிறுவனம் பயணிகளை இலவசமாக ஏற்றிச் செல்லவும், ஏறுவோருக்குக் குடை கொடுக்கவும் முன்வந்தது. அப்போதும் மக்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினர்.

இதில் கருதத்தக்கது ஒன்று உண்டு. வ.உ.சி. தொடங்கியது ஆங்கிலேயர் இயற்றிய நிறுவனச் சட்டத்தின் கீழ்ப் பதிவான ஒரு நிறுவனம். அவர் ஒரு விதியையும் மீறவில்லை. வாணிகத்தில் வெல்வதும் தோற்பதும் வணிகர்களுக்கிடையே தீர வேண்டியவை. தூத்துக்குடியின் அலுவலர்களோ நடுவராக நிற்கவில்லை. துறைமுகத்திலும் அலுவலகங்களிலும் சுதேசிச் சங்கத்துக்குத் தடைகள் முளைத்தன. சட்டத்தின் வழியே நடந்தவரைச் சட்டத்தின் காவலர்களே வழிமறித்தது அங்கேதான் தொடங்கியது.

ஆலையில் ஒன்பது நாள்கள்

பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் நிறுவனத்தின் தூத்துக்குடி முகவர்கள் ஏ. அண்டு எஃப். ஹார்வி நிறுவனத்தார். அவர்களே கோரல் நூற்பாலையின் உரிமையாளர்களும் ஆவர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்த அந்த ஆலையில் வேலைநேரத்துக்கு வரம்பில்லை. வார விடுமுறை இல்லை. கூலியோ மிகக் குறைவு.

1907-இல் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்து வ.உ.சி.யின் இல்லத்தில் தங்கினார். வத்தலக்குண்டில் பிறந்த அவ்விளைஞர், கேட்போரை எழுந்து நிற்கச் செய்யும் பேச்சாளர். 1908 பிப்ரவரியில் இருவரும் நாள்தோறும் கூட்டங்களில் பேசினர். பிப்ரவரி 27-இல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஒன்பது நாள்கள் ஆலை ஓடவில்லை. வேலையிழந்தோர் பசியால் மனந்தளராதிருக்க, ஊராரிடம் பொருள் திரட்டி உணவுக்கும் மாற்று வேலைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. மார்ச்சு முதல் வாரத்தில் ஆலை நிருவாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாயிற்று.

இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-இல். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, சங்கம் என்ற பெயர்கூட இல்லாத தொழிலாளர் கூட்டம் பேச்சுவார்த்தையின் மூலம் வென்றது. வேலைநிறுத்தம் உடன்பாட்டில் முடிந்ததால் ஊரில் அமைதி திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. மாவட்ட ஆட்சியர் விஞ்ச், தூத்துக்குடியில் உதவி ஆட்சியராக இருந்த ஆஷ் ஆகியோரின் கண்ணுக்கு அவ்வெற்றி தங்கள் ஆட்சியின் தோல்வியாகத் தெரிந்தது. அயல்நாட்டு வணிகன் பணிந்ததைக் கண்ட மக்கள் நாளை அயல்நாட்டு ஆட்சியையும் பணியச் சொல்வார்கள் என்று அவர்கள் அஞ்சினர்.

ஆற்றங்கரை

வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் 1907-இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றிருந்தார். அரவிந்தர் மீதான வழக்கில் சாட்சி சொல்ல மறுத்ததே அவர் செய்த குற்றம். பேசாமல் இருந்ததற்காகச் சிறை சென்ற அவர் 1908 மார்ச்சு 9-இல் விடுதலையாகவிருந்தார். அந்நாளைத் திருநெல்வேலிச் சீமையில் விழாவாகக் கொண்டாட வ.உ.சி.யும் நண்பர்களும் முடிவு செய்தனர்.

விஞ்ச் ஊர்வலத்தைத் தடைசெய்தார். விழா நின்றுவிடவில்லை. தாமிரபரணிக் கரையில் உள்ள தைப்பூச மண்டபத்தருகே மக்கள் திரண்டனர். வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகியோர் உரையாற்றினர். ஆற்றின் எதிர்க்கரைதான் கொக்கிரகுளம். மண்டபத்தில் எழுந்த வந்தே மாதர முழக்கம் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கேட்காதிருந்திராது.

ஆட்சியர் மூவரையும் அழைத்து நன்னடத்தைப் பிணை கோரினார். பிணைப் பத்திரம் என்பது வெறும் தாள்போலத் தோன்றும். குற்றம் செய்தவரிடமும் கேட்கலாம்; செய்யாதவரிடமும் செய்யக்கூடும் என்று கருதிக் கேட்கலாம். கையெழுத்திட்டவர் தம்மைச் சந்தேகத்துக்குரியவர் என்று தாமே ஒப்புக்கொண்டவர் ஆகிறார். அதன்பின் அவர் கூட்டத்தில் பேசும் ஒவ்வொரு சொல்லும் பிணைத்தொகைக்கு உலை. நூற்றுக்கணக்கானோருக்கு இத்தகைய பத்திரங்களை எழுதிப் படித்துப் பொருள் சொல்லியிருந்த வழக்கறிஞருக்கு இதன் நுட்பம் தெரியாததன்று. கையெழுத்திட்டிருந்தால் அன்று மாலையே தூத்துக்குடிக்குத் திரும்பிக் கப்பல் சங்கத்தின் கணக்குகளைப் பார்த்திருக்கலாம். சங்கத்தை எண்ணியேனும் அவர் இணங்கியிருக்க வேண்டும் என்று சொன்னோரும் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சங்கம் அவர் ஒருவரின் தோளில்தான் நின்றது. எனினும் அவர் இணங்கவில்லை. மார்ச்சு 12-ஆம் நாள் மூவரும் கைது செய்யப்பட்டனர். பாளையங்கோட்டைச் சிறை அவர்களை ஏற்றது.

விஞ்ச் வ.உ.சி.யை விசாரித்ததும் வ.உ.சி. மறுமொழி கூறியதும் பாரதியாரின் கற்பனையில் இரு பாடல்களாயின. ஆட்சியரின் அலுவலக அறையில் நடந்த ஓர் உரையாடல் இவ்வாறு தமிழகத்தின் தெருக்களுக்கு வந்துசேர்ந்தது.

மார்ச்சு 13

கைதுச் செய்தி மறுநாள் காலைக்குள் நகரெங்கும் பரவியது. கடைகள் அடைக்கப்பட்டன. இந்துக் கல்லூரி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினர். மற்றப் பள்ளிகளின் மாணவர்களும் சேர்ந்தனர். கூட்டம் பெருகப் பெருக அதனை வழிநடத்த ஒருவரும் இல்லை; வழிநடத்தக் கூடியவர்கள் மூவரும் ஆற்றுக்கு அப்பால் சிறையில் இருந்தனர். தலைவர்களைக் கைது செய்தால் கூட்டம் கலையும் என்று ஆட்சியர் எண்ணியிருந்தார். கூட்டத்தைக் கட்டுப்படுத்தி வந்தவர்களையே அவர் கைது செய்திருந்தார்.

நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம் ஆகியவை தாக்கப்பட்டுத் தீக்கிரையாயின. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கும் எரிந்தது. ஊரார் வரியில் கட்டிய கட்டடங்களை ஊராரே எரித்தனர்; அச்செயலை வீரம் என்று போற்ற வேண்டியதில்லை. ஆயினும் எவை தாக்கப்பட்டன என்பதை நோக்கினால், சினம் எதன்மேல் சென்றது என்பது விளங்கும். அரசின் பெயர்ப்பலகை தொங்கிய இடங்களையே கூட்டம் தேடிச் சென்றது.

விஞ்ச் காவலருடன் வந்தார். துப்பாக்கிச் சூடு நடந்தது. நால்வர் உயிரிழந்தனர். வ.உ.சி.யின் பெயரை அறிந்தோர் கோடிக்கணக்கானோர். அந்நால்வரின் பெயர்களை அறிந்தோர் மிக அரியர். அவர்கள் கூட்டங்களில் பேசியவர்கள் அல்லர். பிணை கோரப்பட்டவர்களும் அல்லர். அன்று தெருவில் இருந்தார்கள், அவ்வளவே.

தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் கூலி கேட்கவில்லை, விடுமுறை கேட்கவில்லை. தமக்காகப் பேசியவரைச் சிறையில் அடைத்ததை எதிர்த்து நின்றனர். குதிரைவண்டி ஓட்டுவோர், முடிதிருத்துவோர், துணி வெளுப்போர், இறைச்சிக் கடைக்காரர், நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர் எனப் பலரும் கைவேலையைக் கீழே வைத்தனர். நாள்கூலியில் வாழ்வோர் ஒருநாள் வேலையை விடுவது ஒருநாள் உணவை விடுவதாகும். அங்குக் கூட்டங்கள் தடைசெய்யப்பட்டன. ஆஷ் முன்னின்று நடத்திய காவல் நடவடிக்கையில் அங்கும் துப்பாக்கிகள் வெடித்தன. பின்னர் அரசியல் காரணத்துக்காக இந்தியத் தொழிலாளர் நடத்திய முதல் வேலைநிறுத்தங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதனைக் குறிப்பிட்டனர். பாலகங்காதர திலகர் தண்டிக்கப்பட்டபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தது இதற்குச் சில மாதங்களுக்குப் பின்னரே.

தண்டக் காவல்

தீ அணைந்தபின் அரசு செய்ததே குடும்பங்களை நீண்ட நாள் வருத்தியது. 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தில் ஒரு விதி உண்டு. கலகம் நடந்ததாக அரசு கருதும் ஊரில் கூடுதல் காவல்படையை நிறுத்தலாம்; அதன் செலவை அவ்வூர் மக்களிடமே வரியாக வசூலிக்கலாம். இதற்குத் தண்டக் காவல் என்று பெயர். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் இப்படை நிறுத்தப்பட்டது. தன் தெருவில் துப்பாக்கியுடன் நடப்பவனுக்குத் தானே சம்பளம் தர வேண்டிய நிலை குடிமக்களுக்கு வந்தது. தீ வைத்தவன் யார், வீட்டுக்குள் கதவைச் சாத்தி இருந்தவன் யார் என்று வரி பிரித்துப் பார்க்காது. குற்றத்தை மெய்ப்பிக்கும் கடமை நீதிமன்றத்தில் அரசுக்கு இருக்கிறது. தண்டக் காவலில் அந்தக் கடமை இல்லை. ஓர் ஊரையே குற்றவாளியாக்க ஓர் அரசாணை போதுமானதாயிற்று.

கலகத்தில் ஈடுபட்டதாகப் பலர் மீது வழக்குகள் தொடரப்பட்டன. சுதேசி இயக்கத்தோடு தொடர்புடையோரின் நடமாட்டம் கண்காணிக்கப்பட்டது. சென்னையில் இந்தியா இதழ் மீதும் அரசின் பார்வை திரும்பியது. அவ்வாண்டிலேயே பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்று தங்க நேர்ந்தது.

இரண்டு ஆயுள்கள்

வ.உ.சி., சிவா ஆகியோர் மீது அரசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. மேடையில் பேசியவற்றைக் காவலர் எழுதிய குறிப்புகளே வழக்கின் அடித்தளம். திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோர் முன் வேகமாகப் பேசிய தமிழைக் காவலர் குறித்துக்கொள்ள, அது ஆங்கிலமாகி நீதிமன்றத்தை அடைந்தது. காவலர் எழுதியதே பேசியவரின் சொல்லாக ஏற்கப்பட்டது. ஒட்டப்பிடாரத்தில் காவலரின் சாட்சியங்களைக் குறுக்கு விசாரணையால் உடைத்தவர் இப்போது அத்தகைய சாட்சியத்தின் முன்னே குற்றவாளிக் கூண்டில் நின்றார்.

1908 சூலை 7-ஆம் நாள் அமர்வு நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல். வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள். ஓர் ஆயுள், தாம் பேசியதற்காக. மற்றோர் ஆயுள், சிவாவுக்கு இடமும் உணவும் கொடுத்து அவர் பேசத் துணைநின்றதற்காக. விருந்தோம்பலைப் பத்து குறட்பாக்களில் பாடிய மொழி வழங்கும் நாட்டில் விருந்தளித்ததற்கு ஓர் ஆயுள் விலையாயிற்று.

தீர்ப்பின் கடுமை ஆட்சியாளருள்ளும் சிலரை உறுத்தியது. இலண்டனில் இந்திய அமைச்சராக இருந்த மார்லி, அரசப் பிரதிநிதி மிண்டோவுக்கு எழுதிய கடிதத்தில், திருநெல்வேலியர் இருவருக்கும் அளித்த தண்டனையை எவ்வகையிலும் ஆதரித்துப் பேசத் தம்மால் இயலாது என்று தெரிவித்தார். மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது. நாடுகடத்தலும் பின்னர்க் கடுங்காவலாயிற்று. ஆனால் சூலை 7-ஆம் நாள் கேட்ட சொற்கள் ஒரு வீட்டில் செய்த அழிவை எந்த மேல்முறையீடும் திருத்தவில்லை. தீர்ப்பைக் கேட்ட வ.உ.சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார், இறுதிவரை தெளியவில்லை.

செக்கும் ஏடும்

கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சி.க்கு முதலில் தரப்பட்டது சணல் பொறியைச் சுற்றும் வேலை. உள்ளங்கைத் தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர்ச் செக்கு. மாடுகள் சுற்ற வேண்டிய செக்கை வெயிலில் அவர் இழுத்தார். அச்செக்கு இன்று சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. கல்லாலான அதன் உரலைக் கண்டவர்கள், அதனை நாள்தோறும் சுற்றிய உடலின் நோவை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். 1910 இறுதியில் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார்.

செக்கின் ஓய்வுநேரத்தில் அவர் எழுதினார். ஜேம்ஸ் ஆலனின் நூலை மனம்போல வாழ்வு என்னும் பெயரில் தமிழாக்கினார். தம் வாழ்க்கை வரலாற்றைச் செய்யுளில் எழுதத் தொடங்கினார். குறளிலும் தொல்காப்பியத்திலும் ஆழ்ந்தார். எதுகையும் மோனையும் பார்த்துச் செய்யுள் அமைக்கும் பொறுமை அந்தக் கைகளுக்கு எங்கிருந்து வந்தது என்று வியக்கவே முடிகிறது.

வெளியே சுதேசி நாவாய்ச் சங்கம் தலைவனற்ற கப்பலாயிற்று. 1911-இல் அது கலைக்கப்பட்டது. கப்பல்களுள் ஒன்று, எவருக்கு எதிராக வாங்கப்பட்டதோ அந்நிறுவனத்துக்கே விற்கப்பட்டது. கட்டணக் குறைப்பாலும் இலவசக் குடையாலும் முடியாதது ஒரு கைதினால் முடிந்தது. அதே ஆண்டு சூன் 17-ஆம் நாள், திருநெல்வேலி ஆட்சியராகியிருந்த ஆஷ் மணியாச்சித் தொடர்வண்டி நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஞ்சியும் அங்கேயே தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார். அதனைத் தொடர்ந்து சோதனைகளும் கைதுகளும் மேலும் பெருகின. ஆற்றங்கரைக் கூட்டம் ஒன்றைத் தடுக்கத் தொடங்கிய அடக்குமுறை மூன்றே ஆண்டுகளில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

மீண்ட பின்

1912 திசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். அவருக்காக ஒரு நகரே எழுந்த நாளிலிருந்து ஐந்தாண்டுகள்கூட நிறையவில்லை. சிறைவாயிலில் திரண்டு நிற்கும் கூட்டம் எதுவும் இல்லை. சிவாவைச் சிறை தொழுநோயாளியாக வெளியே அனுப்பியது. துப்பாக்கியும் வரியும் தண்டனையும் தம் வேலையைச் செய்துமுடித்திருந்தன. அவ்வகையில் ஆட்சியர் விஞ்ச் தோற்றார் என்று சொல்லிவிட முடியாது.

வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வாணிகம் செய்து பார்த்தார், நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கென்று திரட்டி அளித்த 347 ரூபாய் 12 அணா காந்தியடிகள் வழியாக 1916-இல் வந்தது. அத்தொகை பற்றி இருவருக்கும் இடையே கடிதங்கள் பல சென்றன. இலட்சக்கணக்கில் மூலதனம் திரட்டியவர் சில நூறு ரூபாய்க்காகக் காத்திருந்த காலம் அது. அந்த வறுமையிலேயே மெய்யறம் 1914-இல் வெளிவந்தது. திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையை 1917-இல் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பிக்கும் பணியிலும் ஈடுபட்டார்.

உரிமம் திரும்பிய வரலாறு விந்தையானது. 1908-இல் வழக்கின் முதல் விசாரணையை நடத்தி, அதனை அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பியவர் வாலஸ் என்னும் ஆங்கில நடுவர். பின்னாளில் நீதிபதியாக உயர்ந்த அதே வாலஸ், வ.உ.சி. மீண்டும் வழக்காட உரிமம் கிடைக்க உதவினார். வ.உ.சி. தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியைத் தம் வாழ்நாளெல்லாம் எதிர்த்தவருக்கு ஓர் ஆங்கிலேயரின் பெயரை வீட்டுக்குள் அழைப்பதில் தடை இருக்கவில்லை.

கோவில்பட்டியில் சில ஆண்டுகள் வழக்காடினார். கறுப்பு அங்கியுடன் அவர் மீண்டும் நுழைந்த நீதிமன்றங்களில் வாதங்கள் முன்போலவே நடந்தன. வருவாய்தான் முன்போல இல்லை. 1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். 1936 நவம்பரில் நோய் முற்றியபோது, தம்மைக் காங்கிரசு அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொண்டார். அங்கேயே நவம்பர் 18-ஆம் நாள் உயிர் துறந்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன் அவர் ஓர் உயில் எழுதியிருந்தார். பிரித்துக் கொடுக்கப் பெரிதாகச் சொத்து இல்லாத அந்த உயிலில், கடைகளுக்குத் தாம் தர வேண்டியிருந்த பாக்கிகளைச் சிறு தொகைகூட விடாமல், வழக்கறிஞருக்குரிய ஒழுங்குடன் வரிசையாகக் குறித்துவைத்திருந்தார்.